பிற்பகல் பஸ்ஸுக்கு முன்: ஊவா மாகாண நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஊவா மாகாண ஆளுநர் அவர்களுக்கும், பிரதம செயலாளர் அவர்களுக்கும், பதுளை மாவட்டச் செயலாளர் அவர்களுக்கும், பதுளை மாநகர சபையின் முதல்வருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, பசறையில் படித்து, இன்றுவரை ஏதேனும் ஒரு காகிதத்துக்காகப் பதுளைக்கு வந்து போய்க்கொண்டிருக்கிற ஒருவனாக இந்த மடலை எழுதுகிறேன். நான் சொல்ல வந்த விடயம் ஒன்றுதான். பதுளை என்ற தலைநகரின் வேலைநேரமும், மொழியும், வாசலும், தொலைவிலிருந்து காலையில் வந்து அன்றே திரும்பியாக வேண்டிய மனிதரை அளவாக வைத்து அமைக்கப்பட வேண்டும். இப்போது அவை அப்படி அமைந்திருக்கவில்லை. எங்கே அமையவில்லை, எதை மாற்றலாம் என்பதை எனக்குத் தெரிந்த அளவில் கீழே எழுதுகிறேன்.

பதுளை சிறிய ஊர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில், நமுனுகுல மலை மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்க, பதுளு ஓயா ஏறக்குறைய வட்டமாகச் சுற்றி ஓட, நடுவில் கிண்ணம் போல அமைந்திருக்கிற நகரம். முத்தியங்கனை விகாரையையும், 1857இல் கட்டப்பட்ட சென் மார்க் தேவாலயத்தையும், கோவில்களையும், பள்ளிவாசலையும், கடைவீதியையும் ஒரு முற்பகலில் நடந்தே பார்த்து முடித்துவிடலாம். 1886இல் ஊவா தனி மாகாணமாக வகுக்கப்பட்டது. இன்று அந்த மாகாணத்தின் நிர்வாகம் முழுவதும் இந்தச் சிறிய கிண்ணத்துக்குள்தான் இருக்கிறது. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் 8 இலட்சத்து 15 ஆயிரம் பேரும், மொனராகலை மாவட்டத்தில் 4 இலட்சத்து 51 ஆயிரம் பேரும் வாழ்ந்தார்கள். மாநகர எல்லைக்குள் குடியிருப்பவர்கள் அதில் மிகச் சிறிய பங்கினரே. ஆகவே இந்த ஊரின் மீது தலைநகர் என்ற பெயரால் உரிமையுள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் இங்கே இரவு தங்குவதில்லை. அவர்கள் பஸ்ஸில் வந்து, வரிசையில் நின்று, பஸ்ஸிலேயே திரும்புகிறவர்கள்.

வேலைநாளொன்றின் காலை எட்டு மணிக்குப் பதுளை பஸ் நிலையத்தில் நின்று பார்த்தால் இது விளங்கும். லுணுகலை, மடுல்சீமை, பண்டாரவளை, வெலிமடை, மகியங்கனை, மொனராகலை என்று திசைக்கொரு பஸ் வந்து நிற்கும். ஒன்றிலிருந்து கிளினிக் கொப்பியை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு பாட்டி இறங்குவார். இன்னொன்றிலிருந்து கையில் ஒரு கோவையும் கண்ணில் தூக்கமுமாக ஓர் இளைஞர் இறங்குவார். மழைக்கு நனையாமல் இருக்கப் பிறப்புச் சான்றிதழைச் சொப்பிங் பையில் சுற்றி, அதை இன்னொரு பையில் போட்டு, அதையும் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு ஓர் அம்மா இறங்குவார். அந்த அம்மா என்னுடைய தாயாராகவும் இருக்கலாம். அவரது கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லாமல் நான் கேட்பது எதுவும் விளங்காது.

என் தாயாரின் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. சிங்கள எழுத்தில் ழகரம் இல்லை. அவர் பிறந்தபோது பதிவேட்டில் சிங்களத்தில் எழுதியவர் தமக்குக் கிட்டிய எழுத்தைக் கொண்டு எழுதினார். அது பின்னர் தமிழுக்கு மொழிபெயர்க்கப்பட்டபோது லகரமாயிற்று. தோட்டத்துச் செக்ரோலில், அதாவது தொழிலாளர் வேலைப் பதிவேட்டில், ஆங்கில எழுத்தில் இருந்த அதே பெயர், சேமலாப நிதிக் காகிதத்தில் ளகரமாக வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்த ஒருவர், தமது சேமலாப நிதியைக் கேட்கப் போன இடத்தில், மூன்று காகிதங்களில் மூன்று பெண்களாக நின்றார். யாரும் வேண்டுமென்று செய்த பிழையன்று இது. ஆனால் திருத்தும் பாரம் முழுவதும் அவர் தலையில்தான் விழுந்தது.

இதற்காக நாங்கள் நான்கு தடவை பதுளைக்கு வந்தோம். முதல் தடவை, விடியுமுன்னரே புறப்பட்டு, மலை வளைவுகளில் இறங்கி, பசறையில் பஸ் மாறி, நாங்கள் தேடிய அலுவலகத்தின் யன்னலுக்கு வந்து சேர்ந்தபோது பத்து மணி கடந்துவிட்டது. யன்னலுக்கு மேல் தட்டச்சு செய்த அறிவித்தல் ஒன்று சிங்களத்தில் மட்டும் ஒட்டப்பட்டிருந்தது. என்னால் அதை எழுத்துக்கூட்டி வாசிக்க முடிந்தது. அம்மாவால் முடியாது. ஒரு மணித்தியாலம் நின்ற பிறகு, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் கடிதம் இல்லை என்று சொல்லப்பட்டது. அது வேண்டும் என்பது அந்த அறிவித்தலில்கூட எழுதப்பட்டிருக்கவில்லை. இரண்டாம் தடவை கடிதம் இருந்தது, அதைப் பார்க்க வேண்டிய உத்தியோகத்தர் வெளிக்களக் கடமைக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாக வேறொருவர் பார்க்கும் ஏற்பாடு இருக்கவில்லை. மூன்றாம் தடவை ஒரு பிரதி குறைந்தது. நான்காம் தடவையைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

அந்த மூன்றாம் நாளில் பிரதி எடுப்பதற்காக எதிரிலிருந்த போட்டோக்கொப்பிக் கடைக்குப் போனோம். அங்கே வேலை செய்த பெண்பிள்ளை அம்மாவின் கையிலிருந்த காகிதங்களை ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இதுக்கு இன்னும் ரெண்டு சாமான் வேணும், இப்பவே எடுத்துக்கிட்டுப் போங்க, இல்லாட்டி மறுபடி வரச் சொல்லுவாங்க" என்றாள். அவளுக்குப் பின்னால் சுவரில் பழைய காலண்டர் தாளொன்றின் வெள்ளைப் பக்கம் ஒட்டப்பட்டிருந்தது. பெயர் திருத்தத்துக்கு என்ன வேண்டும், அடையாள அட்டைக்கு என்ன வேண்டும், எதற்கு எத்தனை பிரதி, எதில் கிராம உத்தியோகத்தர் ஒப்பமிட வேண்டும், எதற்குச் சமாதான நீதவானின் ஒப்பம் போதும் என்பதெல்லாம் நீல மையில், தமிழில், அவளுடைய உருண்டையான எழுத்தில் இருந்தன. ஓரிடத்தில் ஒன்றை அடித்து மேலே வேறொன்று எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "போன மாசம் மாத்திட்டாங்க" என்றாள்.

மதிப்புக்குரியவர்களே, அந்தக் காலண்டர் தாளை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள். அதை உரியபடி சரிபார்த்து, தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு, தலைநகரில் மட்டுமன்றி ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும், கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலும், தோட்ட அலுவலகத்திலும், காலையில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்களத்திலும் ஒட்டுங்கள். நடைமுறை மாறும் நாளிலேயே தாளும் மாற வேண்டும். ஒரு கடைப்பிள்ளை தன் பாட்டுக்குச் செய்துகொண்டிருப்பதைச் செய்வதற்கு அரசாங்கத்திடம் ஆளும் இருக்கிறது, அச்சகமும் இருக்கிறது. மலையிறங்குவதற்கு முன்னரே என்ன வேண்டும் என்று தெரிந்துவிட்டால், எங்கள் நான்கு பயணங்களில் குறைந்தது இரண்டு மிஞ்சியிருக்கும்.

ஒரு பயணம் என்றால் என்ன விலை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் போனால் அதை ஒரு பேர் என்போம். பாதி நாள் என்றால் அரைப்பேர். அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் தங்கை துணைக்கு வந்தாள். அவளுக்கு அந்த நான்கு நாளும் பேர் இல்லை. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வெளியான குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. சம்பளம் இனி எவ்வளவு கூடினாலும், பதுளையில் வீணாகிற ஒவ்வொரு நாளும் அந்தக் கூடிய தொகையாகவே வீணாகும். அதற்கு மேல் பஸ் காசு, சாப்பாடு, பிரதிக் காசு. கொழும்பிலிருந்து வருகிற ஒருவர் ஒரு நாள் அறை எடுத்துத் தங்கி மறுநாளும் போய்க் கேட்கலாம். எங்களால் முடியாது. கடைசி பஸ் போய்விட்டால் வீடு இல்லை என்பதால், பிற்பகல் இரண்டு மணிக்கே எங்கள் மனம் யன்னலை விட்டுப் பஸ் நிலையத்துக்குப் போய்விடுகிறது. அந்தப் பதற்றத்தில்தான் பலர் விளங்காத படிவத்தில் கையொப்பமிட்டுவிட்டுப் புறப்படுகிறார்கள்.

மொழியைப் பற்றி நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதாக இருக்காது. 1987இல் நிறைவேறிய பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் ஓர் அரசகரும மொழி என்பது அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரையில் இடம்பெற்றது. அதே திருத்தந்தான் மாகாண சபைகளுக்கும் பிறப்புக் கொடுத்தது. எனவே இந்தத் தலைநகரின் மாகாணப் பதவிகளும் எங்கள் மொழியின் தகுதியும் சட்டப்படி ஒரே வயிற்றில் பிறந்தவை. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் ஒருவர் தமிழில் விண்ணப்பிக்கவும் தமிழில் பதில் பெறவும் உரித்துடையவர் என்று 22ஆம் உறுப்புரை சொல்கிறது. 1999இல் பண்டாரவளை, அப்புத்தளை, எல்ல, ஹாலி-எல, ஹல்துமுல்ல உள்ளிட்ட பதுளை மாவட்டப் பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. 2007 யூலைக்குப் பின்னர் சேவையில் சேர்ந்த அரச உத்தியோகத்தர்கள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. சட்டத்தில் குறை இல்லை. 2012ஆம் ஆண்டின் மதிப்பீட்டில் மாவட்ட மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர் மலையகத் தமிழர், அவர்களைத் தவிரத் தமிழ் பேசும் முஸ்லிம்களும் ஏனைய தமிழரும் இருக்கிறார்கள் என்பதும் உங்கள் புள்ளிவிபரங்களிலேயே இருக்கிறது.

குறை எங்கே என்றால், தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் உட்புற அறையில் கோவைகளோடு இருக்கிறார், யன்னலில் தமிழ் தெரியாதவர் இருக்கிறார். யாரோ ஒருவர் உள்ளே போய் அவரைக் கூட்டிவர வேண்டியிருக்கிறது. அவருக்கு அது தம்முடைய வேலையும் அன்று, அவருடைய வேலை குறைவதும் இல்லை. ஆகவே என் இரண்டாவது வேண்டுகோளுக்குப் புதிய ஆட்சேர்ப்போ பெரும் செலவோ தேவையில்லை. தமிழ் தெரிந்தவரை யன்னலுக்குக் கொண்டுவாருங்கள், அதை அவருடைய கடமையாக எழுத்தில் கொடுங்கள், அந்தக் கடமைக்கு உரிய கொடுப்பனவையும் மதிப்பையும் கொடுங்கள். அவர் விடுமுறையில் போனால் யார் அந்த இடத்துக்கு வருவார் என்பதையும் எழுதி வையுங்கள். மொழித் தேர்ச்சிப் பரீட்சைச் சான்றிதழ் கோவையில் இருப்பதால் என் தாயாருக்கு ஒரு சொல்லும் விளங்கப்போவதில்லை.

பெயர்களைப் பற்றித் தனியாக ஒரு சொல். தமிழில் பிறந்த பெயரைத் தமிழிலும் கேட்டு, தமிழிலும் எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் தொடக்கத்திலிருந்தே இருந்திருந்தால், தோட்டங்களில் இத்தனை சத்தியக் கடதாசிகளுக்கு அவசியம் வந்திராது. குடியுரிமைக்கே காகிதம் காட்ட வேண்டியிருந்த சமூகம் எங்களுடையது. 1947 பொதுத் தேர்தலில் பதுளையிலிருந்து இலங்கை இந்தியன் காங்கிரஸின் எஸ். எம். சுப்பையா பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். அடுத்த ஆண்டு வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தோடு அவருக்கு வாக்களித்தவர்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. அந்த இடைப்பட்ட ஐம்பத்தைந்து ஆண்டுகளில் ஒரு எழுத்துப் பிழையால் விண்ணப்பம் திரும்பிய கதை இல்லாத லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, நான் கண்டதில்லை. அதனால்தான் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் ஒரு துண்டுக் காகிதத்தையும் எறிவதில்லை. அம்மாவின் தகரப் பெட்டியில் காலாவதியான ரசீதுகளும் இருக்கின்றன, என் பாட்டனாருடைய பெயர் பாதி அழிந்த ஒரு சீட்டும் இருக்கிறது. யன்னலுக்கு வரும் முதியவர் தேவைக்கு மேல் பத்துக் காகிதங்களை விரித்து வைத்தால், தயவுசெய்து பொறுமை காட்டச் சொல்லுங்கள்.

இது தமிழருடைய குறை மட்டும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. இரண்டாம் பயணத்தில், பஸ் நிலையத்து வாங்கில் எங்களுக்குப் பக்கத்தில் சியம்பலாண்டுவைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சிங்கள முதியவர் இருந்தார். அறிவித்தலை வாசிக்க அவருக்கு மொழி ஒரு தடையாக இருக்கவில்லை. ஆனாலும் அவரும் ஒரு பிரதி குறைந்ததால் வேலை முடியாமல் திரும்பிக்கொண்டிருந்தார். மொனராகலை மாவட்டத்தின் கிழக்கு, தெற்கு எல்லைகளிலிருந்து பதுளைக்கு வருவது எங்கள் பயணத்தைவிட நீண்டது. அவர் தம்மிடமிருந்த வெற்றிலையை அம்மாவுக்குக் கொடுத்தார். இருவருக்கும் பொதுமொழி அதிகம் இல்லை, ஆனால் "ஹெட்ட என்ன கிவ்வா", "நாளைக்கு வரச் சொன்னாங்க" என்ற இரண்டும் ஒன்றுதான் என்பது இருவருக்கும் விளங்கியது.

அடுத்தது மழையும் வீதியும். ஊவாவின் பெருமழை ஒக்டோபரில் தொடங்கி ஆண்டு முடிவையும் தாண்டிப் பெய்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கைக் காகிதம் அலுவலகங்களுக்கு வந்தது, மாற்று வீடு லயத்துக்குப் போகவில்லை. 2021 மார்ச்சில் லுணுகலையிலிருந்து புறப்பட்ட பஸ் ஒன்று பசறை 13ஆம் கட்டையருகே பள்ளத்தில் விழுந்தது. மேலிருந்து உருண்டு வந்த பாறை வீதியின் ஒரு பகுதியை அடைத்துக்கொண்டிருந்த இடம் அது. இன்றும் அந்த வளைவு வரும்போது பஸ்ஸில் பேச்சு நின்றுவிடும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் மலையகம் எங்கும் மண் சரிந்தபோது, மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. வீடு போனவர்கள் இருந்தார்கள், உயிர் போனவர்கள் இருந்தார்கள். வீடு நின்றும் வீதி போனவர்கள் இருந்தார்கள்.

இப்படிப்பட்ட நாட்களிலும் விண்ணப்ப முடிவுத் திகதிகளும், நேர்முகத் திகதிகளும், விசாரணைத் திகதிகளும் அசையாமல் நிற்கின்றன. வர முடியாதவர் வராதவராகக் கணக்கிடப்படுகிறார். இதற்கு நான் ஒரு வழியை முன்வைக்கிறேன். எந்தப் பிரதேச செயலகப் பிரிவுக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்படுகிறதோ, அந்தப் பிரிவில் வசிப்பவர்களுக்கு அந்த நாட்களில் வருகிற எல்லா முடிவுத் திகதிகளும் சந்திப்புகளும், எச்சரிக்கை நீங்கி வீதி திறந்த பிறகு குறித்த சில நாட்களுக்குத் தாமாகவே தள்ளிப் போக வேண்டும். அதற்காக யாரும் தனியாக மன்றாடிக் கடிதம் எழுதக் கூடாது. எச்சரிக்கைகள் ஏற்கெனவே பிரிவுவாரியாகவே வெளியிடப்படுவதால், எவருக்குப் பொருந்தும் என்பதில் குழப்பம் வராது. எச்சரிக்கையை மதித்து வீட்டிலேயே இருங்கள் என்று ஒரு கையால் சொல்லி, வராததால் உங்கள் கோவை மூடப்பட்டது என்று மறு கையால் எழுதுவது ஒரே நிர்வாகத்துக்கு அழகன்று.

நகரத்தைப் பற்றி மாநகர சபைக்குச் சொல்ல வேண்டியது அதிகமில்லை. பஸ் நிலையத்தைச் சுற்றிச் சுத்தமான, தண்ணீர் வருகிற, பெண்கள் அச்சமின்றிப் போகக்கூடிய கழிவறை வேண்டும். காலை நான்கு மணிக்கு எழுந்து வந்தவர் பகலெல்லாம் அடக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார், அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார். நிழலில் உட்கார இடம் வேண்டும். எந்த அலுவலகம் எந்த வீதியில் இருக்கிறது என்பதை இரு மொழிகளிலும் காட்டும் பெரிய வரைபடம் ஒன்றும், அதன் அருகே காலை ஏழு மணி முதல் பகல்வரை இரு மொழிகளிலும் வழிசொல்ல ஒருவரும் இருந்தால், வந்து இறங்குகிறவருக்கு முதல் ஒரு மணித்தியாலம் மிஞ்சும். இந்த அலுவலகம் மத்திய அரசினுடையது, அந்த அலுவலகம் மாகாணத்தினுடையது என்ற பிரிவு உங்களுக்கு முக்கியமாக இருக்கலாம். மலையிறங்கி வருகிறவருக்கு எல்லாமே பதுளைதான்.

நகர அபிவிருத்தி என்ற பேச்சு எழும்போதெல்லாம் உல்லாசப் பயணிகளின் பெயரே முதலில் வருவதைக் கவனித்திருக்கிறேன். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. 1924 ஏப்ரலில் இங்கே வந்து முடிந்த மலையகப் புகையிரதப் பாதை, கொழும்பிலிருந்து ஏறத்தாழ 290 கிலோமீற்றர் ஓடி, தெமோதரையில் தன் அடியிலேயே தான் நுழைந்து வருகிற அதிசயப் பாதை. ஆனாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களில் பலர் எல்லவிலேயே இறங்கிவிடுகிறார்கள். அவர்களைத் துன்ஹிந்த நீர்வீழ்ச்சிக்கும் பதுளைக்கும் வரவழைக்க நீங்கள் முயல்வது நியாயமே. அவர்களுக்காக ஒரு கழிவறையோ பெயர்ப்பலகையோ திட்டமிடும்போது, ஆண்டு முழுவதும் வாரந்தோறும் வந்துகொண்டிருக்கிற எங்களையும் அந்த வரைபடத்தில் வையுங்கள் என்றே கேட்கிறேன்.

இவற்றை யாரிடம் சொல்வது என்ற கேள்வியும் இந்த மடலுக்கு ஒரு காரணம். 2014 செப்டெம்பர் 20ஆம் திகதி தெரிவான ஊவா மாகாண சபையின் காலம் 2019 ஒக்டோபரில் முடிந்தது. 2017இல் தேர்தல் முறை மாற்றப்பட்டு, 2018இல் எல்லை நிர்ணய அறிக்கை பாராளுமன்றத்தில் தோற்று, அதற்குப் பிறகு எங்களுக்கு மாகாண சபைத் தேர்தல் நடக்கவில்லை. முன்பு ஒரு மாகாண சபை உறுப்பினர் திருவிழாவுக்கோ மரண வீட்டுக்கோ தோட்டத்துக்கு வந்தால், அவர் கையைப் பிடித்துக் கேட்கலாம். எல்லாரும் செய்தார்கள் என்று சொல்லமாட்டேன், ஆனால் கேட்க ஒரு கை இருந்தது. இப்போது ஆளுநரும் உத்தியோகத்தர்களும் மட்டும் நடத்துகிற மாகாணத்தில், அந்தக் கை உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு தடவையாவது நீங்களும் உங்கள் செயலாளர்களும் மடுல்சீமைக்கும் லுணுகலைக்கும் நமுனுகுலைக்கும் வாருங்கள். வாகனத்தில் வந்தாலும், திரும்பும்போது ஒரு தடவை எங்கள் முதல் பஸ்ஸில் பதுளைக்கு வந்து பாருங்கள்.

நான்காம் பயணத்தைச் சொல்கிறேன் என்று எழுதியிருந்தேன். அன்று யன்னலில் சிங்கள அம்மையார் ஒருவர் இருந்தார். புதிதாக மாற்றம் பெற்று வந்தவர் போலும். காகிதங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தார். பிறகு அம்மாவை நிமிர்ந்து பார்த்து, பெயரைச் சொல்லச் சொன்னார். அம்மா சொன்னார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, தமிழில் எழுதும்படி சைகை காட்டினார். எழுதினேன். அந்த ழகரத்தை அவர் சற்று நேரம் பார்த்தார். பென்சிலை எடுத்து, பக்கத்தில் தாமே அதை வரைந்தார். முதல் தடவை வால் வரவில்லை. மூன்றாம் தடவையில் சரியாக வந்தது. அந்தத் தாளைக் கோவைக்குள் வைத்துக் கட்டிவிட்டு, அரைகுறைத் தமிழில், "அம்மா, இனி சரி" என்றார். மணி பகல் பன்னிரண்டரை. பிற்பகல் பஸ்ஸில் எங்கள் மூவருக்கும் இருக்க இடம் கிடைத்தது. மாலைக் கொழுந்து நிறுக்கும் நேரத்துக்கு நாங்கள் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

இந்த மடலுக்கு நீங்கள் பதில் தருவதாயின் அதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, பதுளை பஸ் நிலையத்தில், பசறை பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். எங்களில் பலர் அதை வாசிக்கக்கூடிய இடமும் நேரமும் அதுதான்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
மடுல்சீமைத் தோட்டப் பகுதியைச் சேர்ந்த ஒரு பிரஜை